ட்ரக்மவுண்ட் உறிஞ்சல் குறைந்தபோது: ஒரு பழுதுபார்க்கும் கடையைப் பற்றி

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலும் அதற்கு வடக்கே மார்க்கத்திலும் வீட்டுக் கம்பளங்களைக் கழுவிக் கொடுப்பது என் தொழில். பனி கரையும் மார்ச் மாதத்தில்தான் எங்களுக்கு வேலை குவியும்; குளிர்காலம் முழுவதும் சப்பாத்துகளில் ஒட்டி வந்த வீதி உப்பு அப்போதுதான் வாசல் கம்பளங்களில் வெள்ளை வெள்ளையாகத் தெரியத் தொடங்கும். அந்த மாதத்தில் என் வான் வண்டியில் பொருத்தியிருந்த ட்ரக்மவுண்ட் இயந்திரம் (கம்பளத்தைத் தண்ணீரால் கழுவி, அந்த அழுக்குத் தண்ணீரை உறிஞ்சியெடுப்பது) தண்ணீரை உறிஞ்ச மறுத்தது. மாலைக்குள் காய வேண்டிய கம்பளம் மறுநாள் காலையிலும் ஈரமாக இருக்கிறது என்று இரண்டு வாடிக்கையாளர்கள் அடுத்தடுத்து அழைத்துச் சொன்னார்கள்.

முதலில் போன கடையில் வான் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. உறிஞ்சலின் வலுவைக் காட்டும் வெற்றிட அளவியின் ஊசி பாதரச அளவில் 7 அங்குலத்தைத் தாண்டவில்லை என்பதைப் பார்த்ததும், காற்றை இழுத்து உறிஞ்சலை உண்டாக்கும் புளோவர் தேய்ந்துவிட்டது, புதிதாக மாற்ற வேண்டும் என்று சொல்லி, என் மூன்று மாத வருமானத்தை விழுங்கும் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது நடக்க முடியாத ஒன்றல்ல. புளோவருக்குள் சுழலும் இரண்டு மடல்களும் ஒன்றையொன்று தொடாமல், மயிரிழை இடைவெளியில் ஓடுகின்றன. அந்த இடைவெளி தேய்ந்து அகன்றால் காற்று பின்னோக்கி நழுவி உறிஞ்சல் விழத்தான் செய்யும். ஆனால் அதே ஊசி அதே இடத்தில் நிற்பதற்கு வேறு அரை டசின் காரணங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் சோதிக்கவில்லை.

இரண்டாவதாகப் போன கடையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அங்கே வேலை செய்யும் வயதான மெக்கானிக், வானின் கதவைத் திறப்பதற்கு முன்பே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: வாண்டில் (கம்பளத்தின் மேல் இழுக்கும் கைப்பிடிக் குழாய்) இழுவை குறையும்போது ஊசி ஏறுகிறதா, இறங்குகிறதா? ஊசி உயர்ந்து நிற்க இழுவை மட்டும் இல்லையென்றால் வழியில் எங்கோ அடைப்பு. ஊசியும் தாழ்ந்து இழுவையும் இல்லையென்றால் காற்றுக் கசிவு, அல்லது பெல்ட், புளோவர், வெற்றிடத் தளர்வு வால்வு (வெற்றிடம் அளவு மீறினால் திறந்து காற்றை உள்ளே விடுவது) ஆகியவற்றில் ஒன்று. இத்தனை ஆண்டுகள் தினமும் அந்த ஊசியைப் பார்த்துவந்த எனக்கு இது தோன்றாமல் போனதில் கொஞ்சம் வெட்கம்தான்.

பிறகு அவர் புளோவரிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக ஒவ்வொரு கட்டமாக வந்தார். பெல்ட் வழுக்கினால் எஞ்சின் சரியான வேகத்தில் ஓடினாலும் புளோவர் மெதுவாகத்தான் சுழலும் என்பதால், முதலில் புளோவர் தண்டின் வேகத்தை அளந்தார்; அதில் குறை இல்லை. அடுத்து, உறிஞ்சிய அழுக்குத் தண்ணீர் சேரும் தாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, தன் சோதனை அளவியைப் பொருத்தி, புளோவரின் வாயை ஒரு தடித்த இறப்பர் தகட்டால் மெதுவாக மூடினார். ஊசி 13 அங்குலத்துக்கு ஏறியது, தளர்வு வால்வு சீறிக்கொண்டு திறந்தது. என் இயந்திரத்தில் அந்த வால்வு 13க்கே வைக்கப்பட்டிருந்தது. மாற்றச் சொன்ன புளோவர் முழு நலத்தோடு இருந்தது!

தாங்கியை மீண்டும் இணைத்து, அதன் நுழைவாயை மூடியபோது ஊசி 7இலேயே நின்றுவிட்டது. ஆகவே கசிவு தாங்கியில்தான். உள்ளே இழுக்கும் கசிவு சோப்பு நுரையில் குமிழியாகத் தெரியாது. அவர் கடைப் பையிலிருந்து கிழித்த மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் பிடித்துக்கொண்டே வந்தார். கழிவுநீரை வெளியேற்றும் வால்வின் வாயருகே அது சட்டென்று உள்ளே இழுபட்டது. வால்வின் தகட்டுக்கு அடியில் ஒரு சிறு கல் சிக்கி, கண்ணுக்கே தெரியாத ஒரு பிளவை விட்டிருந்தது. அதை எடுத்ததும் ஊசி 11. தாங்கி மூடியின் விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கட், கீல் இருக்கும் பக்கத்தில் தட்டையாக நசுங்கியிருந்தது. அதை மாற்றியதும் 13.

இத்தோடு முடிந்தது என்று நான் பணப்பையை எடுத்தேன். அவர் விடவில்லை. இரண்டு அங்குல ஹோஸை 100 அடிக்கு விரித்து, என் வாண்டையும் பூட்டி, அதைக் கம்பளத்தில் வைக்காமல் காற்றில் பிடிக்கச் சொன்னார். ஊசி 10இல் நின்றது. வாண்டைக் கழற்றியதும் அது 5க்கு விழுந்தது; அப்படியென்றால் அடைப்பு வாண்டில்தான். வாண்டின் வளைவுக்குள் கம்பள நூலும் நாய் மயிரும் ஒரு கொண்டையூசியைச் சுற்றி இறுகி, கோழி முட்டை அளவுக்கு உருண்டிருந்தன. தாங்கியில் கசிவு இருந்தவரை ஊசி ஏறவே வழியில்லாததால், இந்த அடைப்பு அளவியில் தெரியாமலே இருந்திருக்கிறது.

வந்ததுதான் வந்தோம், தளர்வு வால்வை 15க்கு இறுக்கித் தரமுடியுமா என்று கேட்டுப் பார்த்தேன், மறுத்துவிட்டார். அந்த வால்வு புளோவர் சூடேறிக் கெடாமல் காப்பதற்கு இருப்பது, அதை இறுக்கினால் ஊசி உயருமே தவிர, தண்ணீரைத் தூக்கிவரும் காற்றோட்டம் கூடாது என்றார். விற்பதைவிட மறுப்பதில் தயக்கமில்லாத கடைக்காரரை நான் அதிகம் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். நான் இரண்டு நாள் முயன்று, கடைசியில் நேரில் போய்த்தான் நாள் குறித்தேன். சோதனை நேரத்துக்கும் கூலி உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லவில்லை. கேஸ்கட்டோடு சேர்த்து 340 டொலர் ஆனது. கேட்ட வேலைக்கு அது அதிகம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனாலும் முதலிலேயே சொல்லியிருக்கலாம். பற்றுச்சீட்டில் ‘வெற்றிடத் திருத்தம்’ என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. 13, 7, 11 என்று அவர் வாயால் சொன்ன அளவுகளை நானே கதவின் உட்புறத்தில் ஒட்டுநாடா போட்டு எழுதி வைத்தேன். அடுத்த முறை ஊசி விழும்போது ஒப்பிட அவை வேண்டும்.

அங்கே போகிறவர்கள் தாங்கியை வெறுமையாக்கிக் கொண்டு போங்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள். ஹோஸையும் வாண்டையும் மறக்காமல் வானில் ஏற்றிக்கொள்ளுங்கள். “அண்ணை, மெசினுக்குத்தானே பழுது, வாண்ட் எதுக்கு?” என்று என் உதவியாளத் தம்பி அன்று காலை அதை கராஜிலேயே இறக்கி வைக்கப் பார்த்தான்.