மாவுத் தீவனமா, பெல்லட்டா, ஈரத் தீவனமா: பன்றிப் பண்ணைக்கு எது கட்டுப்படியாகும்?

பன்றி வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் வரை தீவனத்துக்கே போய்விடுகிறது. அதனால் தீவன மாற்றுத் திறன், அதாவது எஃப்சிஆர் என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் அலைவதில் ஆச்சரியம் இல்லை. ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் செலவானது என்பதுதான் கணக்கு, எண் குறையக் குறைய நல்லது. பால் மறந்த குட்டிகளுக்கு ஒன்றரை வாக்கில் இருக்கும், வளரும் பருவத்தில் இரண்டரையைத் தொடும், விற்கும் எடையை நெருங்கும்போது மூன்றைத் தாண்டிவிடும். இந்த எண்ணைக் குறைக்க மாவா, பெல்லட்டா, தண்ணீரில் கரைத்த தீவனமா என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சின்ன, நடுத்தரப் பண்ணைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒழுங்காக அரைத்த மாவுத் தீவனமே போதும். மற்ற இரண்டும் அதை ஜெயிக்க வேண்டுமென்றால் சில நிபந்தனைகள் கூடி வர வேண்டும்.

பெல்லட்டில் இருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் ஆசை காட்டுவதில் அதுதான் முன்னால் நிற்கிறது. அதே மூலப்பொருளை நீராவி கொடுத்து அழுத்திக் குச்சியாக்கினால் தீவன மாற்றுத் திறன் பொதுவாக 4 முதல் 8 சதவீதம் வரை மேம்படும். மாவுச்சத்து ஓரளவு வெந்து செரிமானம் கூடுகிறது, சிந்துவது குறைகிறது, பன்றியால் பிடித்ததைத் தின்றுவிட்டுப் பிடிக்காததை ஒதுக்க முடிவதில்லை. எல்லாம் சரி, விலை? ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 30 கிலோ பன்றி 100 கிலோவாக வேண்டும், 70 கிலோ எடை ஏற வேண்டும். மாவில் 2.8 என்றால் 196 கிலோ தீவனம், பெல்லட்டில் 2.65 என்றால் 185.5 கிலோ. மிச்சம் பத்தரை கிலோ. ஆக, பெல்லட்டின் விலை மாவை விட ஐந்தரை சதவீதத்துக்கு மேல் கூடினாலே அந்த மிச்சம் காணாமல் போகும். எண் அழகாகத்தான் இருக்கும், பணம் மிஞ்சாது. தீவனம் விற்பவர் எஃப்சிஆரை மட்டும் சொன்னால், ஒரு கிலோ எடைக்குத் தீவனச் செலவு எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், பெல்லட் உடையும். மூட்டையைப் பிரித்து அடியில் கைவிட்டுப் பாருங்கள், உள்ளங்கையில் குச்சியை விடத் தூள்தான் அதிகம் வருகிறது என்றால் நீங்கள் பெல்லட் விலை கொடுத்து மாவு வாங்கியிருக்கிறீர்கள். அந்தத் தூளைப் பன்றிகள் மூக்கால் ஒதுக்கித் தள்ளும், தொட்டியின் மூலைகளில் அது ஈரமாகிக் கட்டியாகும், பெல்லட்டால் வந்த லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும்.

மாவுத் தீவனத்தின் பக்கம் வந்தால், அதைத் தோற்ற கட்சியாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அரைக்கும் பருமனைக் கவனிக்காதவர்கள். தானியத்துகளின் சராசரிப் பருமன் 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, குறைந்தால் தீவன மாற்றுத் திறன் ஏறக்குறைய ஒரு சதவீதம் மேம்படும். மக்காச்சோளம் 900 மைக்ரானில் வந்துகொண்டிருந்ததை 600க்குக் கொண்டுவந்தால், பெல்லட் தரும் ஆதாயத்தில் பாதியளவு சல்லடையை மாற்றியே கிடைத்துவிடும். சாணத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், மஞ்சளாக உடைந்த சோளத் துண்டுகள் அப்படியே அடியில் தங்கினால் அரவை போதவில்லை என்று அர்த்தம். ஹேமர் மில்லில் சுத்தியல்களின் முனை தேய்ந்திருந்தாலும், சல்லடையில் ஓர் ஓட்டை விழுந்திருந்தாலும் பருமன் ஏறிக்கொண்டே போகும், வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. உருளை அரவை இயந்திரம் இன்னும் சீராக அரைக்கும், மின்சாரமும் குறைவு, ஆனால் வேறு வேறு மூலப்பொருட்களை மாற்றி மாற்றி அரைக்க ஹேமர் மில்தான் வசதி.

சரி, அப்படியென்றால் இன்னும் நைசாக அரைக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் நிறுத்த வேண்டும். மிக நைசான தீவனம் இரைப்பையில் கூழாகிவிடும், அமிலம் உணவுக்குழாய் வந்து சேரும் பாதுகாப்பில்லாத பகுதிவரை ஏறி அங்கே புண்ணாகும். நன்றாக இருந்த பன்றி திடீரென வெளிறிப்போய், தார் போலக் கறுப்பாகச் சாணம் போட்டால் முதல் சந்தேகம் இந்தப் புண் மீதுதான் வர வேண்டும். பெல்லட்டிலும் இந்த ஆபத்து உண்டு, சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே. அதோடு நைசு மாவு தானியங்கித் தொட்டியில் பாலம் கட்டி நின்றுவிடும், மேலே தீவனம் இருக்கும், கீழே பன்றி பட்டினி கிடக்கும். 600, 700 மைக்ரானோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஈரத் தீவனத்துக்கு ரசிகர்கள் தனி ரகம். ஒரு பங்கு தீவனத்துக்கு இரண்டரை, மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால் தூசி இல்லை, பால் மறந்த குட்டிகள் சீக்கிரம் வாய் வைக்கும், தானாகவே புளிக்கவிட்டால் லாக்டிக் அமிலம் உருவாகிக் கெட்ட கிருமிகள் குறையும். உண்மைதான். ஆனால் புளிக்கும்போது தனியாகச் சேர்த்த லைசின் என்ற புரதக் கூறைச் சில நுண்ணுயிரிகள் தின்றுவிடுகின்றன, அதனால் விவரம் தெரிந்தவர்கள் தானியத்தை மட்டும் புளிக்கவைத்து, லைசினையும் சோயா புண்ணாக்கையும் ஊற்றும் நேரத்தில்தான் கலப்பார்கள். எல்லாப் பன்றியும் ஒரே நேரத்தில் தின்ன வேண்டும் என்பதால் தொட்டி நீளம் வேண்டும், இல்லாவிட்டால் முரட்டுப் பன்றி வயிறு வெடிக்கத் தின்னும், சோனி ஓரத்தில் நிற்கும். கழுவும் வேலை வேறு தினமும்.

இங்கே கணக்கில் ஒரு பெரிய ஏமாற்று நடக்கிறது. மதுபான ஆலைத் தானியச் சக்கையையோ பாலாடைக்கட்டி எடுத்த மிச்ச நீரையோ ஊற்றுபவர் ‘மூட்டைத் தீவனம் பாதியாகக் குறைந்துவிட்டது’ என்பார். ஈரமான தானியச் சக்கையில் உலர்பொருள் நான்கில் ஒரு பங்குகூடத் தேறாது, மீதியெல்லாம் தண்ணீர். உலர்பொருளாக மாற்றி, ஏற்றிவரும் வண்டிக் கூலியையும் சேர்த்துப் போட்டால்தான் ஒப்பிடவே முடியும். பக்கத்திலேயே, தினமும் தவறாமல், அநேகமாகச் சும்மா கிடைக்கிறது என்றால் ஈரத் தீவனம் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அப்படிக் கிடைக்காத இடத்தில் அது வெறும் வேலை. உணவக மிச்சத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவும் வழிகளில் அதுவும் ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குத் தடையே உண்டு, எஃப்சிஆரில் மிச்சம் பிடிக்கப் போய் பண்ணையையே இழக்கும் வேலை அது.

உலர் தீவனமும் குடிநீர்க் குழாயும் ஒரே தொட்டியில் இருக்கும் ஏற்பாடு நடுவழி. பன்றி அதிகம் தின்னும், வேகமாக எடை ஏறும், தண்ணீர் வீணாவது குறையும். ஆனால் அதிகம் தின்பதால் முதுகுக் கொழுப்பும் சற்றுக் கூடும், மாற்றுத் திறனில் பெரிய மாற்றம் வராது. சீக்கிரம் விற்க வேண்டியவருக்கு ஏற்றது.

இத்தனை வாதமும் செய்துவிட்டுத் தொட்டியின் வாயைப் பார்க்காமல் விட்டால் எந்தத் தீவனமும் காப்பாற்றாது. உலர் தீவனத் தொட்டியின் அடித்தட்டில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தீவனம் மூடியிருந்தால் போதும். தட்டு நிரம்பி வழிந்தால் மூக்கால் வாரி வெளியே கொட்டிவிடும், கம்பித் தரைக்குக் கீழே விழுவது கண்ணுக்கே தெரியாது. ஐந்து சதவீதம் இப்படிச் சிந்தினால் பெல்லட்டுக்கு மாறிக் கிடைக்கும் லாபம் மொத்தமும் அங்கேயே போயிற்று, அதைத் தடுக்க ஆகும் செலவு தொட்டி வாயின் திருகாணியைச் சற்று இறுக்கும் நேரம் மட்டுமே.

ஒரே தீவனமா, பருவத்துக்கொன்றா என்ற கேள்விக்கு நான் தயங்கமாட்டேன், பருவத்துக்கொன்றுதான். செரிமானமாகும் லைசின் பால் மறந்த குட்டிக்கு 1.3 சதவீதம் வரை வேண்டும், 100 கிலோவை நெருங்கும் பன்றிக்கு 0.7 போதும். ஒரே கலவையைக் கடைசி வரை போட்டால் முதலில் பற்றாக்குறை, பிறகு விலை உயர்ந்த புரதம் சிறுநீரில் யூரியாவாகக் கொட்டகைத் தரையில். ஐந்தாறு கட்டம் எல்லாம் வேண்டாம், மூட்டைகள் மாறிப்போகும், மூன்று கட்டம் தாராளம்.

எடையை ஏற்றிக்கொண்டே போவதும் இதே கணக்கைக் கெடுக்கும். தசையில் முக்கால் பங்கு தண்ணீர், கொழுப்பில் தண்ணீர் சொற்பம், அதனால் ஒரு கிலோ கொழுப்பு ஏற்றப் பல மடங்கு தீவனச் சக்தி போகிறது. காயடித்த ஆண்களில் இது சீக்கிரமே தொடங்கும், பெட்டைகளில் சற்றுப் பிந்தும். தடித்த பன்றிக்குச் சந்தையில் கூடுதல் விலை இல்லையென்றால் கடைசி 15, 20 கிலோவில் சம்பாதிப்பது தீவனக்காரர்தான்.

எதற்கு மாறுவதாக இருந்தாலும் முதலில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வைத்துப் பாருங்கள்: ஒரே வயது, ஏறக்குறைய ஒரே எடை, இரண்டிலும் காயடித்த ஆணும் பெட்டையும் சம அளவு, குடற்புழு நீக்கம் இரண்டுக்கும் ஒரே நாள். போன மாதம் மாவு, இந்த மாதம் பெல்லட் என்று ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது வெயிலையும் குளிரையும்தான். நடுவில் ஒரு பன்றி செத்தால் அன்றைக்கே அதன் எடையையும் குறித்துவையுங்கள், அது தின்ற தீவனமும் கணக்கில்தானே இருக்கிறது.