பழைய பிஎஸ்3 கன்ட்ரோலர்: ரிச்சி தெருவில் எதைக் கேட்டு வாங்குவது?

அக்கா மகனுக்குக் கிடைத்த பழைய பிஎஸ்3-இல் (சோனியின் பிளேஸ்டேஷன் 3 கேம் மெஷின்) கன்ட்ரோலர் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக்கடையில் செகண்ட் ஹேண்டில் இரண்டு வாங்கினேன்: ஒன்று சிக்ஸாக்ஸிஸ், இன்னொன்று டூயல்ஷாக் 3. தலா 900 ரூபாய். "ரெண்டும் ஒரே ஐட்டம்தான் சார், எதை வேணா எடுங்க" என்றார் கடைக்காரர். ஒரே ஐட்டம் இல்லை.

சிக்ஸாக்ஸிஸ் கையில் எடுத்ததுமே காலி டப்பா மாதிரி லேசாக இருக்கும். உள்ளே அதிர்வு மோட்டாரே கிடையாது. டூயல்ஷாக் 3-இல் இரண்டு மோட்டார், இடப்பக்கம் பெரியது, வலப்பக்கம் சின்னது. கிரான் டுரிஸ்மோ 5 கார் ரேஸ் கேமில் டயர் ரோட்டை விட்டுப் புல்லில் இறங்கினால் உள்ளங்கை தடதடக்கும். சிக்ஸாக்ஸிஸில் அதே இடம் சப்பென்று போகும்.

பிஎஸ்2 கன்ட்ரோலரே அதிர்ந்தபோது, 2006-இல் வந்த பிஎஸ்3-க்கு என்ன ஆனது? பின்னால் ஒரு காப்புரிமை வழக்கு இருந்தது. அதிர்வுத் தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமை வைத்திருந்த இம்மெர்ஷன் என்ற அமெரிக்க நிறுவனம் 2002-இல் சோனி, மைக்ரோசாஃப்ட் இரண்டின் மீதும் வழக்குப் போட்டது. மைக்ரோசாஃப்ட் 2003-இல் 2.6 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதன் எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் அதிர்வோடுதான் வந்தது. சோனி விடாமல் மல்லுக்கட்டியது. 2004-இல் ஜூரி சுமார் 8.2 கோடி டாலர் தரச் சொல்லியும் மேல்முறையீட்டுக்குப் போனது. அது முடிவதற்குள் பிஎஸ்3 கடைக்கு வந்துவிட்டது.

அதிர்வு இருந்தால், கன்ட்ரோலரைச் சாய்ப்பதை உணரும் அசைவு சென்சார் குழம்பும் என்று சோனி காரணம் சொன்னது. 2007 மார்ச்சில் வழக்கு முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானில் வந்த டூயல்ஷாக் 3-இல் சென்சார், அதிர்வு இரண்டும் சேர்ந்தே இருந்தன! அப்புறம் அந்தக் காரணத்தை நான் எப்படி நம்புவது? கண்டுபிடித்தவர்களுக்குப் பணம் போய்ச் சேரட்டும், அதுதான் முறை. ஆனால் புது மெஷினுக்கு முழு விலை கொடுத்தவர்களுக்கு, பழைய மெஷினில் இருந்த வசதிகூட இல்லாமல் போனது பெரிய அநியாயம்.

சரி, வாங்கும்போது கன்ட்ரோலரின் மேல்விளிம்பைப் பாருங்கள். டூயல்ஷாக் 3-இல் அந்தப் பெயரோடு சிக்ஸாக்ஸிஸ் என்றும் அச்சிட்டிருக்கும். பழையதில் சிக்ஸாக்ஸிஸ் மட்டும்தான். டூப்ளிகேட்டும் நிறைய சுற்றுவதால் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், கடையிலேயே ஒரு கேம் போட்டு அதிர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சார்ஜ் போட மினி யுஎஸ்பி கேபிள் வேண்டும், இன்றைய போன் கேபிள் சேராது. அதையும் கையோடு கேட்டு வாங்குங்கள்.

900 ரூபாய்க்கு டூயல்ஷாக் 3 தாராளமாக வாங்கலாம். சிக்ஸாக்ஸிஸ் பாதி விலைக்கு வந்தால், கூட ஆட வருகிறவருக்கு இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.