‘இங்’ விகுதிக்கென்றே ஒரு பாடத்தொகுப்பு: படித்து முடித்தபின் ஒரு மதிப்புரை

ஆங்கில வினையோடு ‘இங்’ சேர்ந்து பிறக்கும் பிரசன்ட் பார்ட்டிசிபிள் என்னும் எச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தமிழ்வழியில் விளக்கும் ஓர் இணையவழிப் பாடத்தொகுப்பை அண்மையில் முழுமையாகப் படித்தேன். பெயரில் இருக்கும் நிகழ்காலம் பெயரளவில்தான் என்பதை முதல் பாடமே தெளிவாக்கிவிடுகிறது. தமிழில் ‘அழுகிற குழந்தை’, ‘அழுத குழந்தை’ என்று பெயரெச்சமே காலத்தைக் காட்டிவிடும். ஆங்கிலத்திலோ ‘க்ரையிங் சைல்ட்’ நேற்றைய செய்தியிலும் நாளைய செய்தியிலும் உருமாறாமல் நிற்க, காலத்தைச் சொல்லும் பொறுப்பு முதன்மை வினையைச் சேர்கிறது.

தொகுப்பின் சிறந்த பகுதி எச்சத்தையும் தொழிற்பெயரையும் பிரித்துக்காட்டும் இடம். ‘ஸ்லீப்பிங் சைல்ட்’ தூங்குகிற குழந்தை. ‘ஸ்லீப்பிங் பேக்’ தூங்குகிற பை அன்று, தூங்குவதற்கான பை. பின்னதில் உச்சரிப்பின் அழுத்தம் முதற்சொல்லில் விழும் என்ற குறிப்பு, காதாலேயே வேறுபாட்டை உணரச் செய்கிறது. பழைய ஆங்கிலத்தில் எச்சத்துக்கு ‘எண்டே’ என்றும் தொழிற்பெயருக்கு ‘உங்’ அல்லது ‘இங்’ என்றும் தனித்தனி விகுதிகள் இருந்து, இடைக்கால ஆங்கிலத்தில் ஒரே வடிவமாகிவிட்டதையும் சேர்த்திருந்தால், இந்தக் குழப்பம் மாணவரின் குறையன்று என்பதும் விளங்கியிருக்கும்.

தொடர்வினைக் காலங்களும் எழுத்துக்கூட்டல் விதிகளும் போதுமான அளவு உள்ளன. குறை சொல்ல ஏதுமில்லை.

ஏமாற்றம் எழுவாயைப் பற்றிய பாடத்தில்தான். ‘வாக்கிங் ஹோம், த ரெயின் ஸ்டார்ட்டட்’ என்றால் மழையே வீட்டுக்கு நடந்து போனதாகிவிடும். இது தவறு என்று மட்டும் சொல்லிப் பாடம் நகர்ந்துவிடுகிறது. ஆனால் ‘வீட்டுக்கு நடந்து வருகையில் மழை பிடித்துக்கொண்டது’ என்பது பழுதற்ற தமிழ் வாக்கியம். நடந்தவர் யார் என்பதைச் சூழலே உணர்த்திவிடும். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பதிலும் பெய்தது ஒன்று, நிறைந்தது வேறொன்று. இந்தப் பழக்கத்தோடு வரும் நமக்கு, வாக்கியத்தின் தொடக்கத்தில் தனித்து நிற்கும் ஆங்கில எச்சம் முதன்மை வினையின் எழுவாயையே தனக்கும் கொள்ளும் என்பதையும், எழுவாய் வேறானால் ‘த ரெயின் ஹேவிங் ஸ்டாப்ட், வீ லெஃப்ட்’ என்பதுபோல் அதை எச்சத்தின் முன்னாலேயே வைக்க வேண்டும் என்பதையும் விரித்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

பயிற்சிகள் அனைத்தும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகையினவே. சொந்தமாக ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தால், நடந்து போகும் மழை பலருடைய எழுத்தில் முதல் நாளிலேயே அகப்பட்டிருக்கும்.