காரைக்குடியில் ஈயம் பூச்சு: திட்டு விட்டாலும் திரும்பப் போவேன்

அப்பத்தாவின் தவலை ஒன்று, குண்டான் இரண்டு. ரெண்டாங்கட்டு அறையில் பச்சை பிடித்துக் கிடந்தன. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருளாகத் தள்ளிவிடலாம் என்றார் சித்தப்பா. நான் ஈயம் பூசுகிற அண்ணன் ஒருவரிடம் பூசக் கொடுத்தேன். மூன்றுக்கும் சேர்த்து 1,100 ரூபாய். பில் கிடையாது.

"எந்த ஈயம்ணே?" என்றதும் கட்டியை என் காதருகே வளைத்துக் காட்டினார். கிரீச்சென்றது. வெள்ளீயம்தான், விஷமான காரீயம் சத்தமில்லாமல் வளையும். இதைக் கேட்காமல் பாத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

என் பிழைப்பும் ஏறக்குறைய இதுதான். விண்கலத்தின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டருக்காக, கார்பன் இழைத் தகட்டோடு டைட்டானியம் குழாயை, இடையில் உலோகக் கலவையை உருக்கி வெற்றிட உலையில் ஒட்டவைத்துப் பார்க்கும் வேலை. அண்ணன் நவச்சாரத்தைத் தூவியதும் புகை கிளம்பி, பித்தளை பளிச்சென்று துலங்கி, ஈயம் சரசரவென்று பரவிய அழகைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. நாங்கள் ஒட்டவைக்க உருக்கும் வெள்ளி-செம்புக் கலவையோ கார்பன்மேல் தாமரை இலைத் தண்ணீர்தான். நவச்சாரமெல்லாம் அங்கே எடுபடாது. கலவையில் கொஞ்சம் டைட்டானியம் சேர்க்க வேண்டும். அது கார்பனோடு சேர்ந்து டைட்டானியம் கார்பைடு படலமாக ஆனால்தான் உலோகம் படியும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், எங்களுக்கு 800க்கு மேல் வேண்டும்.

படிந்தாலும் ஆறும்போது வம்பு. ஒரு டிகிரி குறைந்தால் மீட்டருக்குச் செம்பு சுமார் 17 மைக்ரான் சுருங்கும், டைட்டானியம் 8.6. இழை ஓடும் திசையில் கார்பன் ஒன்றிரண்டைத் தாண்டாது. குழாய்க்கு டைட்டானியத்தை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படியும் சில சமயம் கார்பனுக்குள்ளேயே விரிசல் ஓடும். அந்த இடத்தில் வெப்பம் கடக்காது. காற்றில்லாத வெளியில் ரேடியேட்டரை எட்டாத சூட்டுக்கு வேறு போக்கிடமும் இல்லை.

அதனால் அண்ணன் கொதிக்கும் குண்டானைத் தொட்டித் தண்ணீரில் முக்கியபோது எனக்கு உயிரே போய் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. பூச்சு மெல்லிசு, வெள்ளீயமும் மெத்தென்றது. பித்தளை இழுத்த இழுப்புக்கு வந்துவிடும்.

குறை ஒன்றுண்டு. தவலைக் கழுத்துக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு மஞ்சளாகவே நின்றது. "புளி சரியாப் படல தம்பி" என்று தயங்காமல் ஒத்துக்கொண்டு, மறுநாள் காசு வாங்காமல் பூசிக் கொடுத்தார். அடுத்த முறை புளி போட்டு நானே தேய்த்துக் கொண்டுபோவேன்.

மதியம் போகாதீர்கள். நாலு மணிக்கு மேல்தான் உலை பற்றவைக்கிறார்.