ஷாலிமார், ஏஞ்சல், சம்சாரா: சென்னை வெக்கைக்கு எது?

பெண்களுக்கான சென்ட்டுகளில், இனிப்பும் பிசின் மணமும் கலந்த ஓரியண்டல் வகையைச் சேர்ந்த இம்மூன்றையும் மார்கழி முதல் வைகாசி வரை சென்னையில் மாற்றி மாற்றிப் பூசிப் பார்த்தேன். வெப்பத்தில் லேசான மணப்பொருள்கள் விரைந்து ஆவியாகிவிடும் என்பதால், கடையில் அட்டைத் துண்டில் முகரும் முதல் மணத்தை வைத்து வாங்குவது இந்த ஊருக்குப் பொருந்தாது. மதியத்துக்குப் பிறகும் தோலில் தங்கியிருக்கும் அடிமணம்தான் கணக்கு.

ஜாக் கெர்லான் உருவாக்கி 1925இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான ஷாலிமார், நாரத்தங்காய்த் தோலைக் கீறியதுபோன்ற, பெர்கமாட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் கூர்மையுடன் தொடங்குகிறது. என் மணிக்கட்டில் அது கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. அதன் பின்னர் செயற்கை வெனிலா மணப்பொருளான எத்தில் வெனிலினின் இனிப்பும் டோங்கா விதையின் கதகதப்பும் புகை படிந்த பிசின் வாசமும் சேர்ந்து எழும்போது, எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சாம்பிராணிப் புகை காட்டி உலர்த்திய கூந்தல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. மார்கழியில் மயிலாப்பூர் சபாவின் குளிரூட்டிய அரங்கில் மாலைக் கச்சேரிக்கு இதைவிடக் கண்ணியமான துணை இல்லை. சித்திரை வெயிலிலோ அந்த வெனிலா கனத்துப் போகிறது.

1992இல் வந்த ஏஞ்சல் வேறு பிறவி. எத்தில் மால்ட்டோல் என்ற செயற்கை மணப்பொருள் தரும் பஞ்சுமிட்டாய் மணத்தைப் பச்சோலி இலையின் மண்வாசம் தாங்கிப் பிடிக்கிறது; பச்சோலி என்ற பெயருக்கே தமிழ்தான் வேர் என்று அகராதிகள் சொல்வது எனக்குத் தனி மகிழ்ச்சி. மூன்றிலும் அதிகம் நிலைப்பது இதுதான்: காலை எட்டு மணிக்கு ஒரே ஒரு முறை அடித்தது இரவு புடவை மடிக்கும்போதும் மணத்தது. ஆனால் நெரிசலான மின்சார ரயிலில் பக்கத்தில் நிற்பவர்மீது அதைத் திணிப்பது நியாயமாகாது.

மல்லிகைச் சரம் சூடும் பெண்களுக்கு நான் தயங்காமல் சொல்வது சம்சாராவைத்தான். ழான்-பால் கெர்லான் 1989இல் சந்தனத்தையும் மல்லிகையையும் முதன்மையாக வைத்து அமைத்த இந்த மணம், தலையில் இருக்கும் பூவோடு போட்டியிடாமல் இழைந்துவிடுகிறது. ஏஞ்சலின் சர்க்கரை மல்லிகையை அமுக்கிவிடும். ஷாலிமாரின் புகை அதைத் தனியே ஒதுக்கிவைக்கும். சம்சாராவில் மாலை ஐந்து மணிக்குப் பூ வாடிய பின்பும், அரைத்த சந்தனத்தின் பால்போன்ற வாசம் கழுத்தடியில் மிஞ்சுகிறது.

எதுவாயினும் துணியில் அடிக்காதீர்கள். வெனிலின் மிகுந்த திரவம் பழுப்பேறக்கூடியது. என் வெளிர்மஞ்சள் பட்டு முந்தானையில் நானே அவசரத்தில் விழவைத்த நாணயமளவுக் கறை இன்றுவரை போகவில்லை. குளித்துத் துவட்டிய தோலில், முழங்கை மடிப்பில் ஒரு முறை அடித்தாலே இங்குள்ள சூடு மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.