அடுத்த ஸெல்டாவில் டஞ்சன் எப்படி இருக்க வேண்டும்? தண்டையார்பேட்டைப் பஞ்சாயத்து

நிண்டெண்டோவின் ஸெல்டா வீடியோ கேம் வரிசையில் அடுத்த பெரிய ஆட்டம் எப்படி வரும் என்று பேச்சை எடுத்தால் எங்கள் பக்கம் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சிக்குப் பழையபடி நீளமான, தலையைச் சுற்ற வைக்கிற டஞ்சன், அதாவது புதிரும் பூட்டும் நிறைந்த கோட்டையோ குகையோ, வேண்டும். இன்னொரு கட்சிக்கு ஆட்டம் தொடங்கும்போதே ஹார்ட் மோட், அதாவது கஷ்டத்தைக் கூட்டும் அமைப்பு, வேண்டும். தண்டையார்பேட்டை கேரம் கிளப்பில் போர்டு காலியாகக் காத்திருக்கும் நேரமெல்லாம் இந்தச் சண்டைதான். நிண்டெண்டோ இங்கே நேரடியாகக் கடை விரிக்கவில்லை. அவர்களுடைய ஸ்விட்ச் கன்சோல் வேண்டுமென்றால் பர்மா பஜாரில் விசாரிக்க வேண்டும், இல்லையென்றால் துபாயிலிருந்து வரும் மாமாவின் பெட்டியை நம்ப வேண்டும். ஒரு கார்ட்ரிட்ஜ் வந்தால் அது தெருவில் பாதி வீடு சுற்றிவிட்டுத்தான் உரியவர் கைக்குத் திரும்பும். ஆகவே எல்லோரும் ஒரே ஆட்டங்களை ஆடியவர்கள், எல்லோரிடமும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்.

இரண்டு கட்சியும் தெரியாமலே ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன என்பது என் வாதம். எந்த டஞ்சனுக்கும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டால், ஒவ்வொரு டஞ்சனையும் அதுதான் ஆடுபவரின் முதல் டஞ்சன் என்று நினைத்துத்தான் கட்ட முடியும். முதல் டஞ்சனை யாரும் கஷ்டமாக வைக்க மாட்டார்கள். டஞ்சன் சின்னதாகிப் போனதும், ஆட்டம் சுலபமாகிப் போனதும் இந்த ஒரே காரணத்தால்தான். மெனுவில் ஒரு பட்டன் சேர்த்தால் இது சரியாகாது. இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

இப்போது இருக்கிறபடியே விட்டால்

2017இல் வந்த ஸெல்டா ஆட்டமான பிரெத் ஆஃப் தி வைல்டில் 120 ஷ்ரைன்கள் (குட்டிப் புதிர் அறைகள்), நாலு தெய்வ மிருகங்கள் (உள்ளே போய் ஆடும் ராட்சத இயந்திரங்கள்). 2023இல் வந்த டியர்ஸ் ஆஃப் தி கிங்டமில் ஷ்ரைன் 152 ஆனது, மிருகங்களுக்குப் பதில் கோயில்கள் வந்தன. ஷ்ரைனைத் திட்டுவது இப்போது ஃபேஷன். நான் திட்ட மாட்டேன். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி உட்கார்ந்தால் வண்ணாரப்பேட்டை வருவதற்குள் ஒரு ஷ்ரைன் முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவனுக்கு அதைவிடத் தோதான அளவு கிடையாது. ஒரு யோசனை, ஒரு முடிச்சு, ஒரு பெட்டி, வெளியே வந்துவிடலாம்.

குறை என்னவென்றால், நூறாவது ஷ்ரைனும் முதல் ஷ்ரைன் மாதிரியே இருக்கும். அதே சுவர், அதே நீல வெளிச்சம், அதே இசை. நாலு மிருகங்களும் அப்படித்தான். ஒவ்வொன்றிலும் ஐந்து டெர்மினலை (இயக்கும் மேடைகளை) தொட்டுவிட்டு பாஸோடு, அதாவது கடைசிப் பெரிய எதிரியோடு, மோத வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் யோசனை அபாரம். வா நபோரிஸ் என்ற ஒட்டகத்தின் வயிற்றில் மூன்று பெரிய உருளைகள் இருக்கின்றன. மேப்பைத் திறந்து ஒன்றைத் திருப்பினால் நாம் நிற்கும் தரை மெல்லச் சுவராகிறது. மூன்றையும் சரியான கோணத்தில் நிறுத்தினால் மின்சாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். முழு டஞ்சனையும் ஒரே பொருளாக மண்டைக்குள் வைத்துக்கொண்டு திருப்பிப் பார்க்க வேண்டிய வேலை அது. பழைய டஞ்சன் பக்தர்கள் இதற்கு ஒரு கும்பிடு போடலாம். அவர்கள் போடுவதில்லை, ஏனென்றால் ருசி நாக்கில் பட ஆரம்பிக்கும்போதே சாப்பாடு முடிந்துவிடுகிறது.

டியர்ஸில் தோற்றத்துக்குக் குறை வைக்கவில்லை. வானத்தில் மிதக்கும் கப்பல் ஒரு கோயில், பாலைவனத்துப் பிரமிடு ஒரு கோயில், பாதாளத்தில் சுரங்க வண்டி ஓடும் கோயில் ஒன்று. மின்னல் கோயிலில் கண்ணாடிகளைத் திருப்பி வெளிச்சத்தை அறை அறையாகக் கடத்தும் பகுதி பழைய நாட்களை ஞாபகப்படுத்தும். ஆனால் பெரும்பாலும் அதே கணக்குதான்: நாலோ ஐந்தோ பூட்டு, எந்த வரிசையிலும் திறக்கலாம். நெருப்புக் கோயிலில் தண்டவாளத்தைச் சரியாக மாற்றி வண்டியில் போக வேண்டும் என்று வடிவமைத்திருக்கிறார்கள். எங்கள் பையன்களில் பாதிப் பேர் சுவரேறியே முடித்துவிட்டார்கள். அதில் ஒருவன் இன்றுவரை அங்கே தண்டவாளம் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

வரிசை இல்லாததன் விலை கதையிலும் தெரிகிறது. ஒவ்வொரு கோயிலின் முடிவிலும் ஒரு முனிவர் வந்து பழைய போரைப் பற்றிச் சொல்கிறார். எந்தக் கோயிலை நாம் முதலில் முடிப்போம் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் நாலு பேரும் கிட்டத்தட்ட ஒரே வசனத்தைப் பேசுகிறார்கள். "அண்ணே, இவங்க நாலு பேரும் ஒரே டியூஷன்ல படிச்சவங்களா?" என்றான் தம்பி ஒருவன். மூன்றாவது முறை நானும் ஸ்கிப் பட்டனைத் தேடினேன்.

பழைய வழிக்கே திரும்பினால்

பழைய வழி என்றதும் எல்லோரும் உதாரணம் காட்டுவது 1998இன் ஓக்கரினா ஆஃப் டைமில் வரும் தண்ணீர்க் கோயிலை. அதைக் கஷ்டமாக்கியது எதிரிகள் இல்லை, தண்ணீர்தான். மூன்று இடங்களில் பாட்டு வாசித்து நீர்மட்டத்தை மூன்று அளவுகளுக்கு மாற்றலாம். ஒரு அறையில் வேலை முடிந்துவிட்டதா என்பது இப்போது நீர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நடுத் தூணுக்குள் நீர் ஏறும்போது ஒரு கட்டை மிதந்து மேலே போகும். அது இருந்த இடத்துக்குக் கீழே ஒரு குழி, குழிக்குள்ளே ஒரு சாவிக்கு வழி. கட்டை மேலே போவதைப் பார்த்தவர் அதன் பின்னாலேயே மேலே போய்விடுவார், குழியை யார் பார்ப்பது? சாவி ஒன்று குறைகிறது என்று கோயில் முழுக்க அலைந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, தண்ணீரில் மூழ்க உதவும் இரும்பு பூட்ஸை மாட்டவும் கழற்றவும் ஒவ்வொரு தடவையும் மெனுவைத் திறக்க வேண்டும்.

2011இல் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸுக்கு வந்த பதிப்பில் பூட்ஸை ஒரு பட்டனில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள், நீர்மட்டம் மாற்றும் இடங்களுக்குச் சுவரில் வண்ணக் கோடு போட்டார்கள். புதிரைத் தொடவே இல்லை. கஷ்டம் என்று நாம் புலம்பியதில் பாதி வெறும் தொல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. பழைய டஞ்சன் கேட்கும் கட்சி இதை ஒத்துக்கொள்ளத் தயங்கும்.

இந்த வழியின் பலம், ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்ட முடிவது. ஒரு டஞ்சனில் கிடைத்த கருவி அடுத்த டஞ்சனில் உங்கள் கையில் இருக்கிறது என்று வடிவமைப்பாளருக்குத் தெரியும், அதை நம்பி அவர் முடிச்சைப் பெரிதாக்கலாம். ஆனால் உலகம் முழுக்கப் பூட்டுத் தொங்கும். எதிரே தெரிகிற மலையில் ஏறிவிடலாம் என்ற சுதந்திரத்தை 2017இல் கொடுத்துவிட்டு, இப்போது கருவி இல்லை, அப்புறம் வா என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள். நானும் மாட்டேன். முழுசாகத் திரும்புவது நடக்காத கதை.

எல்டன் ரிங் மாதிரி

2022இல் எல்டன் ரிங் என்ற கஷ்டமான திறந்த உலக ஆட்டம் வந்த பிறகு கிளம்பிய கட்சி இது. வயதில் சின்னவர்கள், குரலில் பெரியவர்கள். அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அதில் வரும் ஸ்டார்ம்வெயில் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வாசல் வழியாகப் போகாதே, பக்கத்துச் சுவர் வழியாக நுழை என்று வாசலில் ஒருவன் காதோடு காதாகச் சொல்கிறான். எந்த வழியில் போனாலும் கோட்டை ஒன்றுதான், அனுபவம் வேறு. கோட்டையே வேண்டாம் என்றால், வெளியே மலை விளிம்பில் இருக்கும் வழியில் சுற்றி அடுத்த பிரதேசத்துக்குப் போய்விடலாம். தலைநகரம் லெய்ண்டெல்லுக்குள் நுழைய மட்டும் இரண்டு கிரேட் ரூன் (பெரிய பாஸ்களை வென்றால் கிடைப்பவை) கட்டாயம். எந்த இரண்டு என்பது நம் இஷ்டம். பாதி திறந்து, பாதி பூட்டிய இந்த அமைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சின்னச் சின்னக் கல்லறைக் குகைகள்தான் ஒரே அச்சில் வார்த்தவை. அவை பற்றி அவ்வளவு போதும்.

இதை அப்படியே ஸெல்டாவுக்கு எடுத்துவந்தால் ஒட்டாது. எல்டன் ரிங்கில் ஒரு பாஸை அடிக்க முடியவில்லையென்றால் வேறு பக்கம் போய் லெவல் ஏற்றிக்கொண்டு திரும்பலாம், துணைக்கு ஆவியைக் கூப்பிடலாம். புதிருக்கு லெவல் ஏற்ற முடியாது. கண்ணாடியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாதவனுக்குக் கூடுதல் இதயம் (உயிர்) கொடுத்து என்ன பயன்? எல்டன் ரிங்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த இரண்டு ரூன் பூட்டைத்தான். உதையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

சரி, ஹார்ட் மோட்?

இங்கேயும் மூன்று நாலு வழிகள் பேசப்படுகின்றன, எல்லாமே நிண்டெண்டோ ஏற்கெனவே செய்து பார்த்தவை. ஹீரோ மோட் என்றால் நமக்கு விழும் அடி இரட்டிப்பு, புல்லை வெட்டினால் இதயம் வராது. பிரெத் ஆஃப் தி வைல்டுக்கு 2017 ஜூனில் காசு கொடுத்து வாங்கும் சேர்க்கையாக மாஸ்டர் மோட் வந்தது. அதில் எதிரிகள் ஒரு படி மேல், சும்மா விட்டால் அவர்கள் உயிர் தானாக ஏறும், தொடக்கப் பீடபூமியிலேயே லைனல் என்ற பயங்கர எதிரி ஒன்று நிற்கும். முதல் சில மணி நேரம் உண்மையிலேயே பயம். அப்புறம் பழகிவிடும், சண்டைதான் நீளும். புதிர்கள் அப்படியே இருக்கும். டியர்ஸுக்கு அதுவும் இல்லை. கூடுதல் சேர்க்கை எதுவும் வராது என்று தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா 2023லேயே சொல்லிவிட்டார். ஹார்ட் மோட் கட்சிக்கு ஆறாத கோபம் அதில்தான்.

எங்கள் கிளப்பில் சின்னப் பையனோடு ஆடும் சீனியர் பத்து பாயிண்ட் முன்கூட்டியே விட்டுக்கொடுத்து ஆடுவார். போட்டி சூடாகும், ஆனால் போர்டில் காய் இருக்கும் இடம் மாறாது. பையன் புதிதாக ஒரு ஷாட்டும் கற்க வேண்டியதில்லை. ஹீரோ மோடும் மாஸ்டர் மோடும் இந்த ரகம்தான்.

காயையே மாற்றி அடுக்கும் வழியும் இருந்தது. 1986இன் முதல் ஸெல்டாவை முடித்தவருக்கு இரண்டாம் பயணம் ஒன்று திறக்கும். அதில் டஞ்சன்களின் அமைப்பே வேறு, பலவற்றின் வாசலும் வேறு இடத்தில். ஓக்கரினாவுக்கு வந்த மாஸ்டர் குவெஸ்டிலும் அதே உலகம், ஆனால் டஞ்சன் உள்ளே எல்லாம் புரட்டிப் போடப்பட்டிருக்கும். மீன் வயிற்றுக்குள் இருக்கும் டஞ்சனின் சுவரில் பசு மாடுகள் பதிந்திருக்கும், அவற்றைக் கவணால் அடித்தால்தான் வேலை நடக்கும். ஏன் பசு என்று யாரும் கேட்கக் கூடாது. ஹார்ட் மோட் என்று ஒன்று வந்துதான் தீர வேண்டுமென்றால் என் ஓட்டு இந்தப் பசுவுக்கு. ஆனால் இது உழைப்பு கேட்கும் வேலை. இவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டிவிட்டு டஞ்சன்களை இரண்டாம் முறையும் கட்டுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கைக்கு அடக்கமான வழி ஒன்று இருக்கிறது. பிரெத் ஆஃப் தி வைல்டில் ஈவன்டைட் தீவில் கால் வைத்ததும் வாள், கவசம், சாப்பாடு எல்லாம் காணாமல் போகும். கரையில் ஒதுங்கிய கட்டையை எடுத்து அடித்துப் பிழைக்க வேண்டும். டியர்ஸிலும் சில ஷ்ரைன்கள் இப்படி நம்மை வெறுங்கையோடு உள்ளே விடுகின்றன. மோட் இல்லை, மெனு இல்லை, அந்த இடமே கஷ்டம். இரண்டு ஆட்டத்திலும் மற்ற இடங்கள் ஏன் கஷ்டமாக இல்லை என்பதற்குக் காரணம் பைக்குள் இருக்கிறது. உயிர் போகப் போகிறது என்றால் ஆட்டத்தை நிறுத்தி, மெனுவில் உட்கார்ந்து, சமைத்து வைத்த காளான் பிரட்டலைப் பத்துத் தட்டுகூடச் சாப்பிடலாம். பாஸ் மரியாதையாகக் காத்திருப்பார். அடி எத்தனை மடங்கு ஆனாலும் இது இருக்கும்வரை கணக்கு ஒன்றுதான். அடுத்த ஆட்டத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்றால், சண்டைக்கு நடுவே இலை போடுவதை நிறுத்தச் சொல்வேன்.

என் ஊகம்

டஞ்சன்களை இரண்டு அடுக்காகப் பிரிக்க வேண்டும். முதல் அடுக்கில் மூன்று, எந்த வரிசையிலும் போகலாம். அவை முடிந்ததும் கதையில் ஒரு திருப்பம், உலகம் கொஞ்சம் மாற வேண்டும். பிறகு இரண்டாம் அடுக்கு, அதற்குள்ளும் நம் இஷ்டப்படி. ஆனால் அங்கே வருகிறவர் மூன்று டஞ்சன் முடித்தவர் என்று வடிவமைப்பாளருக்குத் தெரியும். அந்த ஒரு தகவல் கிடைத்தாலே போதும், முடிச்சு இறுகலாம், முனிவர்களும் வேறு வசனம் பேசலாம். இது புது யோசனையும் இல்லை. 1991இன் எ லிங்க் டு தி பாஸ்டில் முதலில் மூன்று, பிறகு இருட்டு உலகத்தில் ஏழு. ஓக்கரினாவில் சிறுவனாக மூன்று, பெரியவனாக ஐந்து.

இதை ஆசை என்று மட்டும் சொல்லாமல் ஊகம் என்று சொல்லக் காரணம், 2024 செப்டம்பரில் வந்த எக்கோஸ் ஆஃப் விஸ்டம் என்ற ஸெல்டா ஆட்டம். மேலிருந்து பார்க்கும் சின்ன ஆட்டம் என்று எங்கள் பையன்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். அதன் அமைப்பைப் பாருங்கள்: தொடக்க டஞ்சன் முடிந்த பிறகு கெருடோ பாலைவனம், ஜபுல் நீர்ப்பகுதி இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். இரண்டும் முடிந்தால் ஹைரூல் கோட்டை, எல்லோருக்கும் கட்டாயம். அதன் பிறகு எல்டின், ஃபாரோன், ஹெப்ரா மூன்றும் மறுபடி நம் இஷ்டம். ஹீரோ மோடும் தொடக்கத்திலேயே இருந்தது. இரண்டு கட்சியும் கேட்டதை ஒரு சின்ன ஆட்டத்தில் ஏற்கெனவே வைத்துப் பார்த்துவிட்டார்கள், பெரிய ஆட்டத்துக்கு அது வராது என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

பழைய கட்சி அண்ணன் ஒருவர் மட்டும் மசியவில்லை. "அதெல்லாம் இன்னாத்துக்கு நைனா, ஒரு தண்ணிக் கோயில் குடுத்தா போதும்" என்கிறார். இரண்டு அடுக்கு வந்தால் கிளப் முழுக்க அவர் செலவில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்), வராவிட்டால் என் செலவில் என்று பேசி வைத்திருக்கிறோம். முட்டை மசாலா அதில் சேருமா என்பதில் மட்டும் இன்னும் தகராறு.