யாழ்ப்பாணத்தை வரைபடமாக்க எந்தச் செய்மதிப் படம் எடுப்பது?

யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்புக் கணக்கில்தான் பேசுகிறோம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். செய்மதிப் படங்களை ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் நமக்கு இல்லை.

அமெரிக்கச் செய்மதி வரிசையான லான்ட்சாட்டின் படத்தில் ஒரு பிக்சல் (படத்தின் மிகச் சிறிய கட்டம்) 30 மீற்றருக்கு 30 மீற்றர், அதாவது மூன்றரைப் பரப்பு. ஐரோப்பியச் செய்மதியான சென்டினல்-2இன் படத்தில் அது 10 மீற்றர். ஒரு பரப்புக்குள் இரண்டரைப் பிக்சல் அடங்கும். கோப்பாயில் இரண்டு பரப்பு வெங்காயமும் பக்கத்தில் ஒரு பரப்பு புகையிலையும் நின்றால், லான்ட்சாட் இரண்டையும் ஒரே புள்ளியாகக் கலந்துவிடும். சென்டினல்-2 பிரித்துக் காட்ட வாய்ப்பு உண்டு. வரம்போரப் பிக்சல்கள் அதிலும் கலங்கும் என்பதால், நாலைந்து பரப்பு ஒரே பயிராக இருக்கும் இடத்தில்தான் முடிவை நம்பலாம். சென்டினல்-2இன் எல்லாப் பட்டைகளும் (ஒவ்வொரு வகை ஒளியிலும் தனித்தனியாக எடுக்கும் படங்கள்) 10 மீற்றர் அல்ல என்பதையும் கவனியுங்கள்: நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கு மட்டுமே. பட்டைகளின் அளவுகளைச் சேர்த்துக் கணிக்கும் பயிர்ப் பசுமைச் சுட்டிக்கும் நீர்ச் சுட்டிக்கும் அவை போதும். இன்றைய நிலப்பயன்பாட்டுக்குத் தொடங்குகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது சென்டினல்-2 தான்.

பழையதைப் பார்க்க வேண்டுமென்றால் கதை வேறு. சென்டினல்-2 வானேறியது 2015இல். வலிகாமம் வடக்கில் போரால் இடம்பெயர்ந்து மக்கள் இல்லாத ஆண்டுகளில் தோட்டங்கள் எப்படிப் பற்றைக்காடாயின என்று தொடர்ந்து பார்க்க லான்ட்சாட்டைத்தான் நாட வேண்டும். 30 மீற்றர் படங்கள் 1982இல் ஏவிய லான்ட்சாட் 4இலிருந்து தொடங்குகின்றன. 2008 முதல் எல்லாம் இலவசம். ஆனால் லான்ட்சாட் 7இன் ஒரு கருவி 2003 மே மாதம் பழுதானதால், அதற்குப் பிந்திய படங்களில் கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். 2011 இறுதியில் லான்ட்சாட் 5 படமெடுப்பதை நிறுத்தியது. லான்ட்சாட் 8 வந்தது 2013இல். இடையில் அந்தத் தொடரில் கிடைப்பது கோடு விழுந்த படம் மட்டுமே. மீள்குடியேற்றத்தை ஆராய்பவர்களுக்கு இது பெரிய இடைவெளி. இன்னொன்று: லான்ட்சாட் 5இல் அண்மை அகச்சிவப்பு 4ஆம் பட்டை, லான்ட்சாட் 8இலோ 5ஆம் பட்டை. ஒரே சூத்திரத்தை இரண்டுக்கும் ஒட்டினால் சுட்டி பொய்யாகும்.

மாரி வந்தால் இந்த இரண்டும் தடுமாறும். சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலும் முகில்தான் கிடைக்கும். அப்போது சென்டினல்-1. அது ராடார்; முகிலையும் இருளையும் ஊடுருவும். அமைதியான நீர்ப்பரப்பு அதில் கறுப்பாகத் தெரிவதால், வெள்ளம் எவ்வளவு பரவியது, தொண்டைமானாற்றுக் கடனீரேரி எவ்வளவு விரிந்தது என்று வரையலாம். காற்று அலை எழுப்பினால் கறுப்பு வெளிறும். நெற்பயிர் நீருக்கு மேல் நிற்கும் வயல் நீராகவே தெரியாமல் போகலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் மணற்காடு. அங்குள்ள மணல்மேடுகள் ஒளிப்படத்தில் (லான்ட்சாட், சென்டினல்-2 படங்களில்) பளிச்சென்று தெரிவதால் கணினி அவற்றைக் கட்டிடம் என்று வகைப்படுத்தும். ராடாரிலோ காய்ந்த மணல் நீரைப்போல் கறுக்கும். இரண்டையும் அடுக்கிப் பார்த்தால் வழி திறக்கிறது: ராடாரில் கறுப்பாகவும் ஒளிப்படத்தில் வெளிச்சமாகவும் இருந்தால் அது பெரும்பாலும் மணல். ஒரு படம் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வசதி இல்லை.

கூகுள் ஏர்த்தை நம் ஆட்கள் முதலில் திறப்பது இயல்பு. கிணறு, பனை, வேலி வரை தெரியும். ஆனால் அது கண்ணுக்கான படம். அகச்சிவப்பு இல்லை, சுட்டி கணிக்க முடியாது, பக்கத்துத் துண்டுகள் வெவ்வேறு திகதிகளில் எடுத்தவையாகவும் இருக்கலாம். கணினி செய்த வகைப்பாட்டைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் படத்தின் திகதியைப் பார்த்த பிறகு. மாசியில் பச்சையாக இருந்த வயலை ஆவணியில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், சரியான வகைப்பாடும் பிழையாகத்தான் தெரியும்.